பத்மாசினி மிஸ் பால்மாவைப் பூட்டிய கதை

பத்மாசினிக்கு அரசாங்கம் வைத்த பெயர் குடும்பநல உத்தியோகத்தர். கொழும்புத்துறையில் அதை முழுதாகச் சொன்னவர்கள் கிடையாது. மிட்வைஃப் மிஸ் என்றார்கள். அவசரத்தில் வெறும் மிஸ். வயது ஐம்பத்தேழு. அவர் முன்பு நிறுத்துப் பார்த்த குழந்தைகள் சிலர் இப்போது தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார்கள். இவர்களின் தாய்மாரை ஏசிய அதே குரலில் அவர் இவர்களையும் ஏசினார். ஒருவருக்கும் வித்தியாசம் காட்டியதாக முறைப்பாடு வந்ததில்லை.

அவர் சிரித்து யாரும் கண்டதில்லை என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அது உண்மையில்லை. கல்யாணப் படத்தில் சிரித்தபடி நிற்கிறார். அந்தப் படம் நீர்வேலியில் அவருடைய வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. கணவர் முத்துக்குமாரு வாழைத்தோட்டக்காரர். இரண்டு பேரும் அதிகம் கதைக்கிற ஆட்கள் இல்லை. அதனால் சண்டையும் குறைவு.

கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தபோது கடலேரித் தண்ணீர் கொழும்புத்துறைக் கரைவீடுகளுக்குள் ஏறியது. விடிந்து பார்க்க, கொஞ்சம் மேட்டிலிருந்த பாடசாலையில் அறுபத்திரண்டு குடும்பங்கள் இருந்தன. பத்மாசினி வெள்ளத்தில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு இடுப்புவரை நனைந்து வந்து சேர்ந்தார். கிராம சேவையாளர் சிவகரன் அதற்குள் பட்டியல் எழுதத் தொடங்கியிருந்தான். பாய், அரிசி, பருப்பு, மெழுகுதிரி. பத்மாசினி ஒவ்வொரு வகுப்பறையாகப் போய்த் தனக்கென்று ஒரு பட்டியல் எழுதினார். அதில் பெயரும் வயதும் மட்டும் இருந்தன. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பதினாலு பேர். அதில் ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள் ஐந்து பேர்.

"தம்பி, எனக்கு ஒரு வகுப்பறை வேணும்" என்றார் சிவகரனிடம்.

"அக்கா, சனம் படுக்கவே இடம் காணாது."

"தெரியும். முதலாம் வகுப்பைத் தாங்கோ. மறைக்க நாலு சீலை. ஒரு காஸ் அடுப்பு, மூடியோடை பானை, சவர்க்காரம்."

"ஆருக்கு?"

"பால் குடுக்கிற தாய்மாருக்கு."

சிவகரன் நல்ல பெடியன். ஏன் என்று கேட்க வாயெடுத்தவன் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுக்கப் போனான்.

முதலாம் வகுப்புக் கதிரைகளில் வளர்ந்தவர்கள் உட்கார ஏலாது. தாய்மார் பாயில் இருந்தார்கள். கதிரையில் பத்மாசினி இருந்தார், முழங்கால் நாடியில் முட்ட. அப்போது கைபேசி அடித்தது. முத்துக்குமாரு.

"வாழை விழுந்திட்டுது" என்றார்.

"எத்தினை?"

"எல்லாம்."

"நீங்கள்?"

"நான் நிக்கிறன்."

"சரி. மருந்துக் குளிசையைப் போடுங்கோ. நான் வர நேரம் செல்லும்."

நாலு தாய்மார் வந்துவிட்டார்கள். ஐந்தாவது ஆள் நிரோஜா, இருபத்திரண்டு வயது, பத்தொன்பது நாள் ஆண்பிள்ளை. அவளைத் தேடிப் பத்மாசினியே போகவேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பின் மூலையில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். புருஷன் கட்டாரில் வேலை. பக்கத்தில் மாமியார் நல்லம்மா பேரனை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். பேரன் தொண்டை கிழியக் கத்தினான்.

"மிஸ், பால் வத்திப் போச்சு" என்றாள் நிரோஜா.

"ஆர் சொன்னது?"

"மாமி."

"எப்ப சாப்பிட்டனி?"

நிரோஜா யோசித்தாள். யோசிக்கவேண்டி வந்ததே பதில்தான். "முந்தநாள் மத்தியானம் போலை."

"பால் வத்தேல்லை. நீதான் வத்திப் போனாய். எழும்பு."

முதலாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து சோறும் பருப்பும் கொடுத்தார். பிறகு இரண்டு பேணி தேத்தண்ணி. தின்று முடியும்வரை வேறு கதையில்லை. பிறகு குழந்தையின் ஈர உடுப்பைக் கழற்றி, நிரோஜாவின் நெஞ்சோடு தோல் படக் கிடத்தி, மேலே ஒரு சீலையால் போர்த்தினார். பயந்தால் பால் இறங்கச் சுணங்கும், உள்ளே இல்லாமல் போகாது, பிள்ளை சூப்பச் சூப்ப வரும் என்று சொன்னார். இதை அவர் ஆறுதலாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். நிரோஜாவுக்கு அது ஆறுதலைவிட நம்பக்கூடியதாக இருந்தது.

பின்னேரம் நாலு மணியளவில் குழந்தை விழுங்குகிற சத்தம் கேட்டது. நிரோஜா அழுதாள். "அழுதாலும் பிள்ளையை வாயை எடுக்க விடாதை, நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார் பத்மாசினி.

இரண்டாம் நாள் லொறி வந்தது.

லொறியோடு வந்தவர் பஞ்சலிங்கம், இளைப்பாறிய தபாலதிபர். இப்போது வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் நடத்துகிற நலன்புரிச் சங்கத்துக்கு இங்கே செயலாளர். நேர்மையான மனிதர். நாற்பது பெட்டி பால்மாவும் ஒரு பெட்டி சூப்பிப் போத்தில்களும் கொண்டுவந்திருந்தார். லொறியின் பக்கத்தில் ஒரு பதாகை கட்டியிருந்தது. அதில் கொழுத்த கன்னத்தோடு ஒரு குழந்தை சிரித்தது. கீழே 'பசித்த மழலைக்குப் பால்' என்று எழுதியிருந்தது. தாய்மாரை வரிசையில் விட்டு, ஆளுக்கு மூன்று பக்கற்றும் ஒரு போத்திலும் கொடுத்துப் படம் எடுப்பதாக ஏற்பாடு.

"பஞ்சலிங்கண்ணை, நல்ல விஷயம்" என்றார் பத்மாசினி. "ஆனால் குடுக்கேலாது."

"என்ன குடுக்கேலாது?"

"பால்மாவும் போத்திலும். தாய்மாரின்ரை கையிலை குடுக்கேலாது."

"தங்கச்சி, இது அங்கை சனம் பனிக்குள்ளை நிண்டு உழைச்சு அனுப்பினது."

"ஓம்."

"இஞ்சை பிள்ளையள் அழுகுதுகள்."

"ஓம். அழுகிற பிள்ளையள் தாயிட்டைக் குடிக்குதுகள். சின்னதுகள் அஞ்சு பேரையும் நான் பாத்திட்டன். வாங்கோ, உங்களுக்கு ஒண்டு காட்டுறன்."

பாடசாலைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளம் கட்டைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. கிணற்றுத் தண்ணீருக்கும் மைதானத்துத் தண்ணீருக்கும் நிறம் ஒன்று. இருநூற்றுச் சொச்சம் பேருக்கு ஐந்து மலசலகூடம், அதில் இரண்டு நிரம்பிவிட்டது. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வந்தது, வந்தால் வந்தது. பத்மாசினி பெட்டியிலிருந்து ஒரு சூப்பிப் போத்திலை எடுத்து, சூப்பிக்குள் தன் சின்ன விரலை விட்டுப் பார்த்தார். பாதியில் நின்றது.

"பாருங்கோ. என்ரை விரல் போகேல்லை. ஆனால் கிருமி போகும். இந்தத் தண்ணியிலை மா கரைச்சு, இந்தத் தண்ணியிலை இதைக் கழுவி, பிள்ளைக்குக் குடுத்தால் நாளையிண்டைக்கு வயித்தோட்டம். பிள்ளை போத்திலிலை குடிக்கக் குடிக்கத் தாயிட்டைப் பால் குறையும். நீங்கள் தந்த மூண்டு பக்கற்றும் முடிஞ்சாப் பிறகு என்ன செய்யிறது?"

"திரும்பவும் அனுப்புவினம்."

"எத்தினை மாசத்துக்கு?"

பஞ்சலிங்கம் அதை யோசித்திருக்கவில்லை. ஆனால் படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவர்; அனுப்புகிறேன் என்று சொன்னதை அனுப்பாமல் விட்டது கிடையாது. அவருடைய கழுத்து சிவந்தது. "இரக்கமில்லாத கதை கதைக்கிறியள்" என்றார். எட்டாம் வகுப்பு வாசலில் நின்ற நல்லம்மா, "குடுக்க வாறவனையும் விடாத மனிசி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஓரிரண்டு தாய்மாரும் அதே நினைப்பில்தான் நின்றார்கள். இலவசமாக வந்ததைக் கண்ணுக்கு முன்னால் பூட்டினால் யாருக்கும் கோபம் வரும்.

பூட்டத்தான் பூட்டினார். விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குள் நாற்பத்தொரு பெட்டியும் போனது. சிவகரன் கையெழுத்து வைத்தான். சாவி பத்மாசினியின் கைப்பைக்குள் போனது.

யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். 'பச்சிளம் பாலகரின் பாலைப் பூட்டிய அதிகாரி' என்ற தலைப்போடு அது மத்தியானத்துக்குள் கடல் கடந்துவிட்டது. பின்னேரம் சிவகரன் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, உங்களை நாலாயிரம் பேர் பாத்திட்டினம்."

"எதிலை?"

"ஃபேஸ்புக்கிலை."

"சீருடை கசங்கியிருக்கோ?"

சிவகரன் கைபேசியைப் பார்த்தான். "கொஞ்சம்."

"மழை" என்றார் பத்மாசினி. தாய்மாருக்குக் கொதித்தாறின தண்ணீர் எடுத்து வைக்கப் போனார்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று அன்றைக்குச் சிவகரன் கேட்டிருந்தால் சுகாதாரத் திணைக்களத்தின் சுற்றுநிருபம் இருக்கிறது என்று சொல்லியிருப்பார். சுற்றுநிருபம் இருந்தது உண்மை. ஆனால் அது காரணம் இல்லை. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஒரேயடியாக எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது, பயிற்சி முடித்து ஒரு வருடம். சாவகச்சேரிப் பக்கத்தில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய ஒரு பாடசாலையில் அவரை வேலைக்கு விட்டார்கள். ஒருநாள் பால்மாப் பேணிகளும் சூப்பிப் போத்தில்களும் வந்தன. மேலே இருந்தவர் பகிரச் சொன்னார். பத்மாசினி பகிர்ந்தார். அழகான கையெழுத்தில் பதினொரு பிள்ளைகளின் பெயரைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு தாயிடமும் கையொப்பம் வாங்கினார். தாய்மார் அவரைக் கும்பிட்டார்கள். இரண்டு கிழமைக்குள் அந்தப் பதினொன்றில் இரண்டு பெயருக்கு நேரே, அதே கையெழுத்தில், வயிற்றோட்டம் என்றும் திகதியும் எழுதினார். அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை. அந்த நாட்களில் சாவுக்கு வேறு காரணங்கள் நிறைய இருந்தன. இதை அவர் முத்துக்குமாருவுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் வந்து இருந்தார். வேறு யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மழை விட்டது. ஊறிக் கிடந்த மதில்கள் அதற்குப் பிறகுதான் விழத் தொடங்கின.

காலை பத்தரைக்குக் கேதீஸ்வரன் வந்தான். கடலேரியில் இறால் பிடிக்கிறவன், முப்பது வயது, அகன்ற ஆள். கையில் ஆறு கிழமைப் பெண்குழந்தை. மற்றக் கையில் ஒரு சூப்பிப் போத்தில். புயலுக்குச் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தவர்கள், தங்கள் வீட்டைப் பார்க்கப் போன இடத்தில் மதில் சரிந்து மனைவி தயாளினியின் மேல் விழுந்துவிட்டது. இடுப்பெலும்பும் காலும். ஆஸ்பத்திரியில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள்; குழந்தையை அங்கே விடமுடியாது என்று அவனிடம் கொடுத்தார்கள். வழியில் ஒரு கடையில் பால்மாவும் போத்திலும் வாங்கிக் கரைத்திருக்கிறான். போத்திலுக்குள் இருந்தது அரிசி களைந்த தண்ணீர்போல இருந்தது. குழந்தை அந்தச் சூப்பியை நாக்கால் தள்ளித் தள்ளிக் கத்திக் கத்தி, இப்போது கத்தவும் பலமில்லாமல் முனகியது.

"மிஸ், இதுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்றான். போத்திலைச் சொன்னானா குழந்தையைச் சொன்னானா என்று தெரியவில்லை.

சனம் கூடிவிட்டது. அதே லொறியில் தண்ணீர்ப் போத்தில் இறக்க வந்திருந்த பஞ்சலிங்கமும் அங்கே நின்றார். கையில் கைபேசி.

"இப்ப என்ன சொல்லுறியள்?" என்றார். குரலில் கோபத்தைவிடக் கவலைதான் கூட. "இந்தப் பிள்ளைக்குத் தாய் பக்கத்திலை இல்லை. இப்பவாவது திறப்பியளோ?"

"திறப்பன்" என்றார் பத்மாசினி.

திறந்து ஒரு பக்கற்றை எடுத்துக்கொண்டு வந்து அவருடைய கையில் கொடுத்தார். "வாசியுங்கோ, அண்ணை."

"முழு ஆடைப் பால்மா."

"பின்பக்கம். அடியிலை."

பஞ்சலிங்கம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். தபால் கந்தோரில் மற்றவர்களின் தந்திகளை வாசித்த அதே குரலில், சத்தமாகத் தொடங்கினார். "பன்னிரண்டு மாதங்களுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு..." அங்கே குரல் தேய்ந்தது. "...ஏற்றதல்ல."

பதாகையில் அந்தக் குழந்தை தொடர்ந்து சிரித்தது. பத்மாசினி வென்ற ஆள்மாதிரி நிற்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. அவர் ஏற்கனவே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். டொக்டர் இளம் பெடியன். குழந்தைகளுக்கென்றே செய்த மா தன்னுடைய கந்தோரில் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் மதகடியில் றோட்டை வெள்ளம் அறுத்துவிட்டது, நாளைக் காலைக்கு முன் ஜீப் வராது என்றார்.

"அதுவரைக்கும் என்ன செய்வியள், மிஸ்?"

"இஞ்சை ஒரு தாய் இருக்கிறா, டொக்டர். கேட்டுப் பாக்கிறன்."

கேட்பதற்கு முன் நிரோஜாவின் கிளினிக் அட்டையை எடுத்து இரத்தப் பரிசோதனைகளை ஒருக்கால் சரிபார்த்தார். பிறகு முதலாம் வகுப்புக்குள் போனார். நிரோஜாவின் மகன் வயிறு முட்டிப்போய்ப் பக்கத்தில் நித்திரை.

"பிள்ளை, ஒரு குழந்தைக்கு நாளைக் காலை வரைக்கும் பால் வேணும். உனக்கு விருப்பமெண்டால் மட்டும். ஏலாதெண்டாலும் ஒண்டுமில்லை."

நிரோஜா வாய் திறக்குமுன் நல்லம்மா திறந்தார். அவர் முதலில் கேட்டது குழந்தைக்கு எத்தனை நாள் என்பதல்ல.

"ஆற்றை பிள்ளை? எந்தப் பகுதி ஆக்கள்?"

"கொழும்புத்துறைப் பகுதி" என்றார் பத்மாசினி.

தான் கேட்டது சாதியை, அதற்கு இது பதிலில்லை என்பது நல்லம்மாவுக்குத் தெரியும். பத்மாசினிக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதற்கிடையில் சீலைக்கு வெளியே அந்த முனகல் கேட்டது. நிரோஜாவின் சட்டை முன்பக்கம் நனையத் தொடங்கியது.

"கொண்டு வாங்கோ, மிஸ்" என்றாள். பிறகு தன் மகனைத் தூக்கி நல்லம்மாவிடம் நீட்டினாள். "மாமி, இவனைக் கொஞ்சம் பிடியுங்கோ."

பிடிக்காவிட்டால் பிள்ளை விழும். நல்லம்மா பிடித்தார்.

கேதீஸ்வரன் குழந்தையைக் கொடுத்துவிட்டு, சீலைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சுவரில் தொங்கிய அரிச்சுவடிப் படத்தைப் பார்த்தான். அம்மா, ஆடு, இலை, ஈ. திடீரென்று முனகல் நின்றுவிட்டது.

"மிஸ்! ஏன் சத்தத்தைக் காணேல்லை?"

"குடிக்குது" என்று உள்ளேயிருந்து பத்மாசினியின் குரல் வந்தது.

கேதீஸ்வரன் கிடைத்த கதிரையில் இருந்தான். முதலாம் வகுப்புக் கதிரை. அது அவனைத் தாங்கியது. அதில் இருந்துகொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதான். பஞ்சலிங்கம் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, தான் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தில் ஒன்றைத் திறந்து அவனிடம் கொடுத்தார். அந்தக் காட்சியை யாரும் படம் எடுக்கவில்லை.

மறுநாள் ஜீப் வந்தது. குழந்தைகளுக்கான மாப்பேணி ஒன்று, கேதீஸ்வரனின் மகளுடைய பெயர் ஒட்டப்பட்டு, பத்மாசினியின் கைக்கு வந்தது. மற்றத் தாய்மாரும் கேட்கத் தொடங்குவார்கள், யாருக்கும் தெரியும்படி மேசையில் வைக்கக்கூடாது என்று அதைத் துணியால் சுற்றினார். பிறகு கேதீஸ்வரனைக் கூப்பிட்டு இருத்தினார்.

"சூப்பிப் போத்தில் வேண்டாம். சின்னக் கோப்பை. விளிம்பு மடியாததாய், கழுவ லேசானதாய் இருக்கவேணும். முதல் கையைக் கழுவுங்கோ."

கழுவினான்.

"இன்னொருக்கா. சவர்க்காரத்தோடை."

தண்ணீர் கொதிக்கவேண்டும், அது ஆறிப்போக முன், நல்ல சூடாக இருக்கும்போதே மாவைப் போடவேண்டும், கரண்டியில் குவிக்கக்கூடாது, கத்தியால் மட்டம் தட்டவேண்டும், பிறகு கோப்பையைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றவேண்டும், மிஞ்சினதை வைத்துக் கொடுக்கக்கூடாது. கேதீஸ்வரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்துக் கோப்பையைச் சரித்தான். பால் குழந்தையின் கழுத்தால் வழிந்து அவனுடைய சாரத்தில் நின்றது.

"ஊத்தாதேங்கோ, தம்பி. இது எஞ்சினுக்கு எண்ணெய் விடுற வேலையில்லை. விளிம்பைக் கீழ்ச்சொண்டிலை முட்ட வையுங்கோ. பால் சொண்டைத் தொட்டால் காணும். மிச்சத்தை அவ பாத்துக்கொள்ளுவா."

அவன் பொறுத்திருந்தான். பொறுத்திருப்பது இறால் பிடிக்கிறவனுக்குப் பழக்கம்தான். குழந்தை நாக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு பூனைபோல நக்கத் தொடங்கியது. கேதீஸ்வரன் கோப்பையை அசைக்கவில்லை.

பத்து நாள், மூன்று மணிக்கொருதரம் அப்படிச் செய்தான். டொக்டரிடம் சொல்லிவைத்து, நிரோஜாவும் காலையும் மாலையும் ஒருதரம் கொடுத்தாள். ஒரு கிழமையில் கேதீஸ்வரன் மற்றவர்களைத் திருத்தத் தொடங்கிவிட்டான். குழந்தையைக் கொஞ்ச வந்த சிவகரனைக் கை கழுவிவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினான். பத்மாசினி அதைப் பார்த்தும் பாராததுபோல இருந்தார்.

நாற்பது பெட்டி பால்மாவும் வீணாகவில்லை. பஞ்சலிங்கமே வந்து, "இதை என்ன செய்வம், தங்கச்சி?" என்று கேட்டார். "பெரியாக்கள் பால் குடிக்கக் கூடாதெண்டு நான் சொல்லேல்லையே" என்றார் பத்மாசினி. சமையல் நடக்கிற இடத்தில், கொதிக்கிற கிடாரத்தில், முகாம் முழுக்கக் காலையும் மாலையும் பால்தேத்தண்ணி; கர்ப்பிணிகளுக்கும் பால்கொடுக்கிற தாய்மாருக்கும் இரண்டு பேணி. கிடாரத்துக்கு முன்னால் பஞ்சலிங்கம் அகப்பையோடு நின்று எடுத்த படம் வெளிநாட்டுக்குப் போனது. பதாகை அதில் இல்லை. சூப்பிப் போத்தில்களைச் சூப்பியில்லாமல் விஞ்ஞான ஆசிரியர் கேட்டு வாங்கினார். பக்கத்தில் அளவுக் கோடு இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கனவளவு படிப்பிக்கலாம் என்றார்.

ஆறாம் நாள் தயாளினியைச் சாதாரண வாட்டுக்கு மாற்றினார்கள். செய்தி கிடைத்ததும் பத்மாசினி ஆஸ்பத்திரிக்குப் போனார். காலில் கம்பி பூட்டியபடி கிடந்தவள் அவரைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

"மிஸ், பிள்ளை ஆரிட்டை?"

"தேப்பனிட்டை."

"அவரிட்டையோ!" தயாளினியின் கண் பெரிதானது.

"ஓம். என்னைவிட வடிவாய்ப் பருக்கிறார்." இந்தச் சொல்லைப் பத்மாசினி கேதீஸ்வரனிடம் ஒருநாளும் சொல்லவில்லை. பிறகு மறைக்காமல் மற்றதையும் சொன்னார். "இன்னொரு பிள்ளையும் உன்ரை மகளுக்குப் பால் குடுக்கிறா. நிரோஜா எண்டு பேர். கைக்குழந்தைக்காரி."

தயாளினி முகட்டைப் பார்த்தாள். "அவவின்ரை பிள்ளைக்குக் காணுமோ, மிஸ்?" என்று கேட்டாள்.

பத்மாசினி தண்ணீர்ப் போத்திலின் மூடியைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். "காணும். ரெண்டு பிள்ளைக்கும் போதும்" என்றார். பிறகு தாதியோடு கதைத்து, தயாளினிக்குக் கையால் பால் பீய்ச்சக் காட்டிக் கொடுத்தார். முதல் நாள் ஐந்து துளி. "இவ்வளவுதானா" என்று அழுதாள். "நேற்று இதுவும் இல்லை" என்றார். கேதீஸ்வரன் குழந்தையைக் கொண்டுவர வாட்டில் அனுமதி வாங்கியதும் அவர்தான். குழந்தை முதல் இரண்டு நாள் தாயைப் பார்த்துக் கத்தியது, கோப்பைக்குப் பழகிவிட்டது. மூன்றாம் நாள் பிடித்தது.

மார்கழியில், முகாம் கலைந்த பிறகு, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டில் இருந்து முறைப்பாடு போயிருந்தது. பத்மாசினி நாலு வரியில் பதில் எழுதினார்: பால்மாவைப் பூட்டியது உண்மை. முகாமிலிருந்த, இரண்டு வயதுக்குக் குறைந்த பதினைந்து பிள்ளைகளில் பதினாலு பேருக்கு வயிற்றோட்டம் வரவில்லை. ஒருவருக்கு வந்தது; அவர் பதினாலு மாதத்தவர், நிலத்தில் தேங்கியிருந்ததைக் குடித்தார். அவரைப் பூட்டிவைக்க என்னிடம் அதிகாரம் இல்லை.

இந்தக் கடைசி வரியைப் படித்து டொக்டர் சிரித்தார் என்று சொல்கிறார்கள். எழுதியவர் பகிடியாக எழுதினாரா என்பது தெரியாது. மேலிடம் பதில் போடவில்லை.

தை பிறந்து முதல் கிளினிக் அன்று தயாளினி ஊன்றுகோலில் வந்தாள். குழந்தையைக் கேதீஸ்வரன் தூக்கி வந்தான். நிரோஜா தான் இருந்த வாங்கில் நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் இருக்க இடம் விட்டாள். நல்லம்மா மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஊன்றுகோல் சறுக்கியபோது எட்டிப் பிடித்தது அவர்தான். தயாளினியின் பால் முழுதாகத் திரும்பவில்லை. அரைவாசி திரும்பியிருந்தது. மிச்சத்துக்குக் கோப்பையும் பேணியும் இன்னும் தேவைப்பட்டன.

பத்மாசினி குழந்தையைத் தராசில் கிடத்தினார். முள் ஆடி நிற்கும்வரை கேதீஸ்வரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாலு கிலோ எழுநூறு" என்றார். அட்டையில் புள்ளி வைத்து, போன மாதத்துப் புள்ளியிலிருந்து கோடு இழுத்தார். கோடு மேலே போனது. அடிமட்டம் வைக்காமலே நேராக இழுத்திருந்தார்.

"நல்லமோ, மிஸ்?" என்று கேட்டான் கேதீஸ்வரன்.

"காணும்" என்றார் பத்மாசினி. "உடுப்பைப் போடுங்கோ, குளிருது பிள்ளைக்கு. அடுத்த ஆள் வாங்கோ."